பேஸ் கேட்கவில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மாதம் ஆறேழு கச்சேரி இருக்கும். ரிகர்சலில் நான் வாசிப்பது தெளிவாகக் கேட்கிறது. மேடையில் எனக்கே கேட்பதில்லை. கீழே இருந்தவர்கள், 'உம்மென்று ஒரு சத்தம் வந்தது, என்ன சுரம் என்றே தெரியவில்லை' என்கிறார்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கேட்டால் 'ஏத்தித்தான் வச்சிருக்கேன் தம்பி' என்கிறார்.

என்னிடம் இருப்பது பாட்டரி போடாத நாலு ஸ்ட்ரிங் பாஸிவ் பேஸ், 100 வாட் ஆம்ப். ஆம்பை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒய் கேபிள் போட்டு மிக்ஸருக்கும் நேராகக் கொடுக்கிறோம். குழுவில் கீபோர்டு, தபேலா, டோலக், ரிதம் பேட். 300 வாட் ஆம்ப் வாங்கலாமா, ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வாங்கலாமா? கையில் உள்ள பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். இன்னொன்று, போன திருவிழாவில் கோரஸ் பாட மைக் கிட்டே போனேன், உதட்டில் ஷாக் அடித்தது. அது எதனால்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மைக்கில் ஷாக் அடித்தால், அதைச் சரிசெய்யாமல் அந்த மேடையில் அடுத்த பாட்டைத் தொடக்கூடாது. பேஸின் ஸ்ட்ரிங்குகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் ஷீல்டு என்ற வெளிக் கம்பிவலை வழியாகவும் ஆம்பின் உடம்போடு சேர்ந்திருக்கின்றன. மைக்கின் கம்பிவலை மிக்ஸரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. ஆம்புக்கு மேடைக்குப் பின்னால் சீரியல் செட் போகும் லைனிலிருந்தும், மிக்ஸருக்கு ஜெனரேட்டரிலிருந்தும் கரண்ட் எடுத்து, இரண்டில் ஒன்றுக்கு எர்த் விட்டுப்போயிருந்தால், நடுவில் நிற்கும் நீங்கள்தான் ஒயர். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் செருகுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் உண்மையில் எங்காவது போய்ச் சேர்கிறதா, ஜெனரேட்டருக்கு மண்ணில் கம்பி அடித்திருக்கிறார்களா என்று கரண்ட் வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மற்றதை மைக் வலையிலும் தொடுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் போயிருக்கிறது. நியான் டெஸ்டரை மட்டும் நம்பவேண்டாம். குறைந்த வோல்டேஜுக்கு அது எரியாது, எரியாததால் மேடை பத்திரம் என்று ஆகிவிடாது.

இந்தக் கோளாறு பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஸ்பீக்கரில் வரும் ஹம் என்ற உறுமல் போகவேண்டும் என்று யாராவது எர்த் பின்னை ஒடித்திருப்பார்கள், அல்லது இரண்டு பின் பிளக்கை மாட்டியிருப்பார்கள். ஹம் போய்விடும், உயிர்க்காப்பும் சேர்ந்து போய்விடும். ஹம்முக்கு மருந்து, பேஸை மிக்ஸரோடு பொருத்தமாகச் சேர்க்கும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். அது மிக்ஸருக்குப் போகும் கேபிளின் ஷீல்டை மட்டும் துண்டிக்கும், கரண்ட்டின் எர்த்தைத் தொடாது.

சவுண்ட்காரர் ஹம்மை ஈக்யூவில் (அதிர்வுகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் குமிழ்களில்) வெட்டுகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். அங்கே வெட்டினால் ஐந்து கட்டைப் பாட்டு, அதாவது ஜியை ஆதாரமாகக் கொண்ட பாட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் ஆதார சுரம் பள்ளத்தில் விழும். முதலில் ஹம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைந்தால் பேஸுக்குள் ஷீல்டிங் போதவில்லை என்று அர்த்தம். நீங்கள் உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் ஸ்ட்ரிங் அதிர்வைக் கரண்ட்டாக மாற்றும் பிக்கப், லைட்டிங்கையோ டிம்மரையோ வாங்குகிறது, தள்ளி நில்லுங்கள். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் இருந்தால், இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் அது அடங்கும். எதற்கும் அசையாமல் ஒரே மாதிரி உறுமினால், ஆம்பும் மிக்ஸரும் இரண்டு வழியாக எர்த்தில் சேர்வதால் வரும் கிரவுண்ட் லூப். அதற்குத்தான் மேலே சொன்ன சுவிட்ச்.

இனி பேஸ் கேட்காத விஷயம். சவுண்ட் அண்ணன் பொய் சொல்லவில்லை, ஏற்றித்தான் வைத்திருப்பார். ஆனால் அவர் ஏற்றியது உங்கள் சுரம் இல்லாத இடத்தை.

பாஸிவ் பேஸை மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகுவதுதான் முதல் தப்பு. அந்த பிக்கப் எதிர்பார்ப்பது சுமார் 10 லட்சம் ஓம் இன்புட். சாதாரண லைன் இன்புட் 10 ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். அதில் போட்டால் சத்தமும் குறையும், மேல் அதிர்வுகளும் செத்துவிடும். ஒய் கேபிளில் ஆம்பும் மிக்ஸரும் சேர்ந்தே தொங்குவதால், உங்கள் ஆம்பில் வரும் சத்தமும் கூடவே மழுங்குகிறது. இதற்கு ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வேண்டும். பேஸிலிருந்து டிஐக்கு, டிஐயின் லிங்க் ஓட்டையிலிருந்து ஆம்புக்கு, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் ஓட்டையிலிருந்து மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு. டிஐக்கு, மிக்ஸர் அதே கேபிளில் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும், பல மாடல்கள் 9 வோல்ட் பாட்டரியிலும் ஓடும். செருகும்போதும் பிடுங்கும்போதும் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். ஃபாண்டம் இருக்கையில் பிடுங்கினால் ஸ்பீக்கர் அலறும்.

அடுத்தது ஈக்யூ. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ், ட்ரெபிள் குமிழ் இரண்டையும் ஏற்றி, நடு அதிர்வுகளுக்கான மிட்டைக் குறைத்தால் சத்தம் கம்பீரமாக இருக்கும். அந்தக் கம்பீரம் குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போகும். டோலக்கின் இடப்பக்கமும் பேடின் கிக்கும் 60 முதல் 100 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கின்றன. கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் 200, 300 ஹெர்ட்ஸில் பாய் விரித்திருக்கும். 41 ஹெர்ட்ஸ் உள்ள திறந்த ஈயைச் சின்ன ஸ்பீக்கர்களால் எழுப்பவே முடியாது. காது 82, 123, 164 என்று அதன் மடங்குகளைக் கேட்டுத்தான் 'இது ஈ' என்று முடிவு செய்கிறது. என்ன சுரம் என்று தெரியவில்லை என்று கீழே இருந்தவர்கள் சொன்னதன் காரணம் இதுதான். உம் என்ற அடிப்பகுதி போய்ச் சேர்ந்தது, சுரத்தை அடையாளம் காட்டும் பகுதி போகவில்லை.

ஆம்பில் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். லோ மிட் குமிழ் இருந்தால், 250 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் 3 டெசிபல் குறையுங்கள். 700, 800 பக்கம் 3 டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல் அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை, தனியாகக் கேட்கப்போகிறவர் யாருமில்லை. ஆனால் ஆம்பில் செய்தது டிஐ வழியாக மிக்ஸருக்குப் போகாது. சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் மிட் குமிழ் 2.5 கிலோ ஹெர்ட்ஸில் நிலைத்திருக்கும், அதைத் திருகினால் விரல் உரசும் சத்தம்தான் கூடும். அதனால் மிட் கட்டுப்பாடு உள்ள ப்ரீஆம்ப் டிஐ (ஈக்யூ குமிழ்களும் சேர்ந்த டிஐ) ஒன்றை வாங்குவது நல்லது. வாங்கும்வரை செலவில்லாத வழி உண்டு: பறிக்கும் விரலை பிரிட்ஜ் பக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிக்கொள்ளுங்கள்.

சப் ஊஃபர் இல்லாத திருவிழா செட் என்றால் உங்கள் சேனலில் லோ கட் பொத்தானை அழுத்தச் சொல்லலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்வது பேஸ்காரனுக்குத் துரோகம் மாதிரி தோன்றும். ஆனால் அந்த ஸ்பீக்கரால் தரமுடியாத சத்தத்துக்கு அதை ஓட்டும் ஆம்ப் வீணாக உழைத்துக்கொண்டிருந்தது. வெட்டியதும் மீதி எல்லாம் தெளிந்து மேலே வரும். சப் இருக்கும் கல்யாண மண்டபத்தில் அழுத்தவேண்டாம்.

கீபோர்டு அண்ணனின் இடது கையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேஸ் இல்லாத கச்சேரிகளில் வாசித்துப் பழகியவருக்கு இடது கை தானாகக் கீழே இறங்கும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் ஆதாரத்தில் நிற்காது, தனி மெட்டாக நடந்துகொண்டிருக்கும். சி கார்டின்போது (சி, ஈ, ஜி சேர்ந்து ஒலிக்கும்போது) நீங்கள் ஈயில் இருக்க, அவர் கீழே சியை அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டும் கலந்து குழம்பாகிவிடும். யார் வாசித்தது சரி என்ற பேச்சே எழாது, இரண்டுமே கேட்டிருக்காது. ரிகர்சலில் தனியாகச் சொல்லுங்கள்: 'அண்ணே, நான் இருக்கிற பாட்டுல இடது கைய ஒரு ஆக்டேவ் மேல வச்சுக்கிறீங்களா?' மேடையில், பாடகர்கள் முன்னால் சொல்லாதீர்கள். ஸ்டைல் (தானாக ஓடும் தாளமும் பின்னணியும்) ஓடும் கீபோர்டாக இருந்தால் அதற்குள்ளேயே ஒரு பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் அணைக்கலாம். பல பேருக்கு இது தெரியாமல், மேடையில் மூன்று பேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

300 வாட் ஆம்ப் இப்போது வேண்டாம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், மூன்று மடங்கானால் ஏறக்குறைய 5. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வாட் பத்து மடங்கு ஆகவேண்டும். நீங்கள் மிட் குமிழில் இலவசமாகப் பெறும் 3 டெசிபலுக்குப் பெரிய பணம் கொடுக்கப் பார்க்கிறீர்கள். இருக்கும் 100 வாட் ஆம்பை உங்களுக்கு மட்டுமான மானிட்டராக வையுங்கள். முழங்காலுக்குக் கீழே இருந்தால் மிட் உங்கள் காலுக்குத்தான் போகும். அசையாத மரப்பெட்டி மேல் ஏற்றி, முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பலகை மேடைக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் அது பெரிய தோல் வாத்தியம் மாதிரி அதிரும். பெட்டிக்கு அடியில் மடித்த சாக்கோ தடித்த ரப்பரோ போட்டால் அந்த உம் பாதி குறையும். நிற்கும் இடம் டோலக்காரரின் கை தெரிகிற பக்கம். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் எடுக்கும். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் நீங்கள் கேட்கும் அடி 15 மில்லி செகண்ட் பழையது.

செட்டப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் ஆறேழு கச்சேரி, வியர்வைக் கை என்றால் ஸ்ட்ரிங்கை நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், 45 முதல் 105 வரை தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) உள்ள செட் போதும். செத்த ஸ்ட்ரிங்கில் முதலில் போவது நாம் தேடிக்கொண்டிருக்கும் அந்த மேல் மடங்குகள்தான். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்குக்குக் கீழே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சரி. கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் திரும்பப் பாருங்கள். மதிய வெயிலில் வேனுக்குள் பேஸைப் படுக்கவைத்தால் இந்த அளவெல்லாம் சாயங்காலத்துக்குள் மாறியிருக்கும்.

ஐந்து ஸ்ட்ரிங் பற்றி. கீழே பி ஸ்ட்ரிங்கின் 31 ஹெர்ட்ஸ் எந்தத் திருவிழா ஸ்பீக்கரிலும் வராது, அதற்காக வாங்காதீர்கள். பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண் குரலுக்கு ஒரு கட்டையில் பழகிய பாட்டை, பாடகி வந்து ஐந்து கட்டை என்கிறார். சியிலிருந்து ஜி. ஏ ஸ்ட்ரிங் மூன்றாம் ஃபிரெட்டில் இருந்த கை, அதே ஃபிரெட்டில் ஈ ஸ்ட்ரிங்குக்கு மாறினால் போதும், வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் ஆதாரத்துக்குக் கீழே பஞ்சமத்துக்கு இறங்கும் மெட்டு என்றால், ஜிக்குக் கீழே டி வேண்டும், நாலு ஸ்ட்ரிங்கில் அது இல்லை. மேல் ஆக்டேவுக்குத் தாவினால் மெட்டு உடையும். இப்படிப் பாடகர்களுக்காக அடிக்கடி கட்டை மாற்றும் குழுவென்றால் ஐந்து ஸ்ட்ரிங் நியாயமான செலவு. டிஐ வாங்கிய பிறகு.

கட்டை மாற்றும்போது இரண்டு குழிகள். 'ஒரு கட்டை இறக்கு' என்றால் இரண்டு ஃபிரெட் என்று கை பழகியிருக்கும். நாலிலிருந்து மூன்றுக்கு ஒரே ஃபிரெட்தான், எஃபிலிருந்து ஈ. எத்தனை இறக்க என்று கேட்காதீர்கள், எந்தக் கட்டையில் என்று கேளுங்கள். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைப் போட்டிருந்தால் அவர் விரலைப் பார்த்து வாசிக்காதீர்கள். விரல் சியில் இருக்கும், சத்தம் டி ஷார்ப்பில் வரும்.

ஐந்து ஸ்ட்ரிங் கைக்கு வந்ததும் முதலில் பழகவேண்டியது, வாசிக்காத பி ஸ்ட்ரிங்கை அடக்குவது. மேடையில் ஆம்ப் அதிர்விலேயே அது தானாக முனக ஆரம்பிக்கும். கட்டைவிரலை பிக்கப்பில் ஊன்றாமல் பி ஸ்ட்ரிங் மேலேயே படுக்கவையுங்கள், ஏ, டி, ஜி வாசிக்கும்போது அது ஈ மேல் இறங்கி, பக்கவாட்டில் பியையும் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு வாரம் ஆகும். அதுவரை கச்சேரிக்கு நாலு ஸ்ட்ரிங்கையே எடுத்துப் போங்கள்.