கிளினிக் வேலையா, காலேஜா?

கேள்வி: அக்கா, நான் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வேலூர்ல பிரைவேட் காலேஜ்ல பிஎஸ்சி நர்சிங் ரெண்டாவது வருஷம். அப்பா இல்ல, அம்மா பீடி சுத்துறாங்க, தம்பி பத்தாவது. ஊர்ல ஒரு கிளினிக்ல சாயந்திரம் 6ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் வேலை பாக்குறேன், ஊசி போடுறது, டிரிப் ஏத்துறது எல்லாம் நான்தான். மாசம் 5,000. குழுக் கடனே வாரம் 700 போயிடுது, மிச்சம் கரண்ட் பில்லுக்கும் மளிகைக்கும் சரியா இருக்கு. காலேஜ் பீஸ் ஒரு டெர்ம் பாக்கி. காலைல வார்டுல பிபி பாக்கும்போதே கண்ணு சொக்கி, பேஷண்டே ஸ்டூல நகத்தி உக்காரும்மான்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி வார்டு போஸ்டிங்கும் நிறைய லீவு ஆயிடுச்சு. ஒரு வருஷம் நிறுத்திட்டு ஷூ கம்பெனிக்குப் போன்னு அத்தை சொல்றாங்க. இன்னா பண்ணட்டும்?

பதில்: காலேஜ நிறுத்தாத கண்ணு. நிறுத்த வேண்டியது கிளினிக்க.

தூக்கத்துக்காக மட்டும் சொல்லல. நீ இன்னும் கோர்ஸ் முடிக்கல, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆகல, அங்க ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டு யாருக்காவது அலர்ஜியாகி மூச்சு வாங்க ஆரம்பிச்சா பக்கத்துல சொல்லித்தர ஸ்டாஃப் இல்ல, டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பாரு, ஊரே உன் பேரத்தான் சொல்லும். படிச்சவங்கள வெச்சா சம்பளம் ஜாஸ்தி தரணும்னுதான் ஸ்டூடண்ட்ட வெக்கிறாங்க, இதுல உனக்கு உபகாரம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது லீவு. இந்தியன் நர்சிங் கவுன்சில் ரூல்படி பரீட்சை எழுத தியரிலயும் பிராக்டிகல்லயும் தனித்தனியா 80% அட்டெண்டன்ஸ் வேணும், டிகிரி கைக்கு வரணும்னா கிளினிக்கல், அதாவது வார்டு போஸ்டிங், 100% முடிச்சிருக்கணும். அதனால நீ விட்ட ஒவ்வொரு போஸ்டிங்கும் பின்னாடி லீவு நாள்ல செஞ்சு குடுக்க வேண்டிய கடன்தான். இப்பவே கிளாஸ் டீச்சராண்ட போய் எந்த வார்டுல எத்தனை நாள் பாக்கின்னு எழுதி வாங்கு, செமஸ்டர் கடைசில போய் நின்னா திட்டுதான் மிஞ்சும்.

இப்ப பணம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 உன் அக்கவுண்ட்டுக்கே வரும், வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது உண்டு. வரலன்னா காலேஜ்ல இந்தத் திட்டத்தப் பாக்குற நோடல் ஆபீசரப் பாரு, பல நேரம் ஆதார் பேங்க்ல லிங்க் ஆகாம கெடக்கும். அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் கார்டு இருக்கா? இருந்தா அந்தப் பிள்ளைங்களுக்குன்னு மத்திய அரசு ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும். பாதிப் பேர் கார்ட பீரோவுல வெச்சிட்டு இதக் கேக்குறதே இல்ல. எஸ்சி, எஸ்டின்னா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் பாரு.

பீஸுக்கு இன்னொரு குழுக் கடன் மட்டும் வாங்கிடாத, அது அடுத்த வாரமே கேட்கும். பேங்க் கல்விக் கடன் 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம தரலாம், அம்மாவும் சேந்து கையெழுத்துப் போடணும், கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுதான் தவணை ஆரம்பிக்கும், அதுவரைக்கும் வட்டி ஏறும்ங்கிறத மறந்துடாத. ரெண்டாவது வருஷத்துலயும் கேக்கலாம். காலேஜ்ல நீ அங்க படிக்கிறன்னு போனஃபைடு சர்டிபிகேட்டும் மிச்ச வருஷத்துக்கான பீஸ் விவரமும் வாங்கிட்டு, வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணு. மேனேஜர் வாய்ல முடியாதுன்னா எழுத்துல குடுங்க சார்னு கேளு, பாதி இடத்துல டோன் மாறிடும்.

இருந்தாலும் குழுத் தவணைக்கு ஓட்டை விழும், தெரியும். தெருப் பசங்களுக்கு ராத்திரி ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் வீட்டுத் திண்ணைல டியூஷன் எடு, தம்பியும் அதுலயே உக்காரட்டும். 5,000 வராது, ஆனா ஒன்பதரைக்குப் படுத்துடலாம்.

அத்தைகிட்ட சண்டை போடாத. ஷூ கம்பெனி வேன்ல ஏறுன பொண்ணுங்க எத்தனை பேர் அடுத்த வருஷம் இறங்கி காலேஜுக்குத் திரும்பிப் போனாங்கன்னு மட்டும் கேளு. கிளினிக்ல இந்த மாசச் சம்பளத்த வாங்கிட்டு, பரீட்சை வருதுன்னு சொல்லிட்டு நின்னுடு.