வேர் ஓரிடம், அசை ஓரிடம்

'பேசுவோம்' என்பதற்கான பிரெஞ்சு 'பார்லெரோன்': வேர் 'பார்ல்' என்றால் அசை (வாயில் ஒலிக்கும் துண்டு) ஏன் 'பார்' என்றே முறிகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்குங்க. பகுபத உறுப்பாகப் பிரித்தால் பார்ல்+எர்+ஓன். அசையாகப் பிரித்தால் பார்-லெ-ரோன். பின்னால் உயிர் வந்ததும் வேரின் 'ல்' அதோடு ஒட்டிக்கொள்ளும். நம் 'ஓடினேன்' பாருங்கள்: ஓடு+இன்+ஏன், ஆனால் வாயில் ஓ-டி-னேன்.

'எமெரோன்' (நேசிப்போம்) பேச்சில் 'எம்ரோன்' ஆவதும் சரிதான். அங்கே நடு எகரம் விழுந்தால் ம், ர் இரண்டுதான் மோதும். பார்லெரோனில் அதை விழுங்கினால் ர், ல், ர் மூன்றும் சேர்ந்து நாக்கு சிக்கும். அதனால் பெரும்பாலும் விழாது.

அப்புறம், 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு எழுத்தில் 'ent' என்று மூன்றெழுத்து வால் உண்டு. ஒலியோ வெறும் 'பார்ல்', ஒரே அசை. நான் அதிகம் தடுமாறியது இந்த வாலில்தான்.