நனையாத சட்டை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் சேரன்மகாதேவி பக்கம், ஆற்றங்கரை ஊர்க்காரன். வயது 22. ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். நானும் கூட்டாளிகள் நாலு பேரும் செல்போனிலேயே ஒரு சூப்பர் ஹீரோ குறும்படம் எடுத்தோம். 13 நிமிடம். பஞ்சர் கடைப் பையன் மேல் மின்னல் விழுகிறது. பறக்கும் சக்தி வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோடு போகும் ஒரு சிறுவனைத் தூக்கிக் கரை சேர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஏழு மாதம் எடுத்தோம்.

போன மாதம் எங்கள் அம்மன் கோவில் கொடைக்கு மறுநாள் ராத்திரி, வில்லுப்பாட்டுக்குப் போட்ட மேடையிலேயே வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டோம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஹீரோ பறந்தபோது பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஆனால் சிறுவனைத் தூக்கிக்கொண்டு அவன் கரையில் இறங்கும் இடத்தில், முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, "ஏ எய்யா, தண்ணிக்குள்ள போனவன் சட்ட நனையாமலா வருவான்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். கூட்டமே சிரித்தது. அதன் பிறகு கடைசி வரைக்கும் சிரிப்புதான். அந்த வெள்ளத்தில் வீட்டுச் சுவர் இடிந்து, பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியவர் அந்த ஆச்சி. அவருக்காகவும்தான் இந்தப் படத்தை எடுத்தேன். அவரே இப்படிக் கேட்டுவிட்டாரே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கூட்டாளிகள் 'வேற லெவல்' என்றார்கள். ஒரு மாமா 'வேற சோலி இல்லையாலே' என்றார். சென்னையில் எடிட்டிங் படிக்கும் ஒருவர், இங்கிலீஷ் படத்தைப் பார்த்துக் காப்பி அடித்ததுபோல் இருக்கிறது என்றார். பேச்சு கேட்கவில்லை, சண்டையில் லைட்டு வெட்டி வெட்டி எரிந்தது, ஹீரோ மட்டும் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறான், அவன் உடுப்பு சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர் சல்லடம் என்ற உடுப்பைக் கட்டின மாதிரி இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இதில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? நம்ம ஊர் ஆட்களுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் புரியாது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். அது சரியா? படத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.)

*

அன்புத் தம்பி,

படத்தை மூன்று தடவை பார்த்தேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. உங்கள் ஊருக்குப் படம் நன்றாகப் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் அந்த இடத்தில் சிரித்திருக்கிறார்கள்.

ஆச்சி கேட்டதை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். மனுஷன் எப்படிப் பறப்பான் என்று அவர் கேட்கவில்லை. மின்னல் விழுந்தவன் கரிக்கட்டையாக அல்லவா போவான் என்றும் கேட்கவில்லை. அதையெல்லாம் உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். சட்டையை மட்டும்தான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏனென்றால் வெள்ளம் அவருக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. நம் ஆற்றங்கரையில் எல்லாருக்கும் அந்த இரண்டு நாளும் உடம்பிலேயே இருக்கிறது. பறக்கிறவனை நம்பத் தயாராக இருந்த கூட்டத்துக்கு, தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு பொய்யை நம்ப முடியவில்லை.

டிசம்பர் 18 அன்று நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குள் வந்த படகில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு கிழவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றினார். கை நீட்டியபோது பார்த்தேன், விரலெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "காஞ்ச துண்டு ஏதும் கெடக்கா?" ஒரு துண்டை எறிந்தோம். முகத்தைத் துடைத்து, அதைத் தலையில் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பேர் எனக்குத் தெரியாது. அந்தக் கையை மறக்கவில்லை.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பேரோடு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை நிறுத்தியதால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போதே, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். உங்கள் ஹீரோ இறங்குகிற மண் இது. அதில் நனையாமல் இறங்கினால் யாருக்கும் பொறுக்காது.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். அவன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை நீங்கள். பிராமணக் குடியில் பிறந்தவன், பொம்மக்கா திம்மக்கா இருவரையும் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெண்களின் அப்பா வாலப்பகடை, பூணூலை அறுத்துவிட்டு வா, செருப்புத் தைக்கப் படித்துக்கொண்டு வா என்கிறார். அப்படியே செய்கிறான். பிறகு மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். செத்துத் தெய்வமானவனுக்குச் சனங்கள் செருப்புக் கட்டுகிறார்கள். கட்டின செருப்பு நாளாக நாளாகத் தேய்ந்துபோகிறது, ராத்திரி அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை.

தம்பி, அந்தத் தேய்ந்த அடியை யோசியுங்கள். தெய்வத்துக்கு என்ன சக்தி வேண்டுமானாலும் கொடுக்கலாம். செருப்புத் தேயாமலே நடக்கும் சக்தியையும் கொடுத்திருக்கலாம். நம் சனங்கள் கொடுக்கவில்லை. நடந்தால் தேயும். தேய்ந்தால்தான் நமக்காக நடந்தார் என்று அர்த்தம். அந்த ஆச்சி உங்கள் ஹீரோவிடம் தேடியதும் அதைத்தான்.

1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை என் வயதுக்காரர்கள் அப்படி நேசித்ததற்கும் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தக் கையைப் பார்த்துவிடுவார்களே என்று நாங்கள் பயந்துகொண்டே படிப்போம்.

காப்பி என்று சொன்னவர் ஓரிடத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் ஹீரோ தரையில் இறங்கும்போது ஒரு முழங்காலையும் ஒரு கையையும் ஊன்றித் தலையை மெதுவாக நிமிர்த்துகிறான். அது அவன் படித்த வித்தை இல்லை, அவன் பார்த்த படம். பஞ்சர் கடையில் நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை பார்க்கிறவன் எப்படி எழுந்திருப்பான்? இடுப்பில் ஒரு கையை வைத்து எழுந்து, உள்ளங்கையைத் தொடையில் துடைப்பான். அதைச் செய்யச் சொல்லுங்கள். பறப்பதுகூட அவசியமில்லை. சூப்பர்மேன் 1938-இல் முதன்முதலாக வந்தபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார், அவ்வளவுதான். அவரை உண்டாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருக்கும் அப்போது 23 வயது. பச்சைத் துணி கட்டி எடுத்த உங்கள் பறக்கும் காட்சிகளில் தலைமுடியைச் சுற்றிப் பச்சை ஓரம் தெரிகிறது. பாலத்துக் கைப்பிடியிலிருந்து ஒரு தாவல், கேமரா கீழேயிருந்து மேலே பார்த்தபடி, அடுத்து தண்ணீர் தெறிக்கும் சத்தம். அது போதும்.

உடுப்பைப் பற்றிச் சொன்னதை ஏன் குறையாக எழுதியிருக்கிறீர்கள்? உங்களுக்குக் கிடைத்த பேச்சுகளிலேயே பெரிய பாராட்டு அது. சல்லடமும் கச்சையும் குல்லாயும் ஏறியதும், காலையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அதே மனுஷனுக்கு முன்னால் ஊர் கும்பிட்டு நிற்கிறது. உடுப்பு மாறினால் ஆளும் மாறுவான் என்பது நம் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். அம்மாவின் பழைய சேலையில் தைத்த அந்த மேலங்கியை மாற்றிவிடாதீர்கள்.

பேச்சு விஷயத்தில் உங்கள் ஊர் சொன்னது நூற்றுக்கு நூறு. கடைக்காரர் "எங்கலே போன?" என்கிறார். பையன் "நான் மக்களைக் காப்பாற்றச் சென்றேன்" என்கிறான். அந்தக் கணத்தில் அவன் உங்கள் ஊரை விட்டே போய்விட்டான். "ஆத்துப் பக்கம் போனேன் அண்ணாச்சி" என்றால் போதும்.

சத்தமும் லைட்டும் பணம் கேட்கிற விஷயமில்லை. ஆற்றங்கரைக் காற்றில் பத்தடி தள்ளி நிற்கும் போனில் பேச்சு பதியாது. இன்னொரு போனை நடிப்பவர் சட்டைப் பைக்குள் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஷாட் தொடங்கும்போது ஒரு தடவை கை தட்டிவிட்டால், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். லைட்டு வெட்டியதற்குக் காரணம் ட்யூப் லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. நீங்கள் சண்டையை ஸ்லோ மோஷனில் நொடிக்கு 120 ஃப்ரேம் வைத்து எடுத்திருக்கிறீர்கள், அதனால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. ஷட்டரை 1/100-இல் நிறுத்தி, நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுங்கள், அல்லது கடையைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இனி யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி. 'வேற லெவல்' என்றவர்களுக்கும், 'வேற சோலி இல்லையா' என்றவருக்கும் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இரண்டிலும் உங்கள் படத்தைப் பற்றி ஒன்றுமில்லை. படம் முடிந்த பிறகு சொல்வதைவிட, ஓடும்போது கூட்டம் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிது. வில்லுப்பாட்டில் கதை பாடும் அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அண்ணாவியின் கண் கூட்டத்தின் மேலேயே இருக்கும். பிள்ளைகள் தூங்கி விழுந்தால் கதையைச் சுருக்குவார், பெண்கள் கண்ணைத் துடைத்தால் அங்கேயே நின்று பாடுவார். உங்கள் படத்தால் அப்படி நிற்க முடியாது. அதனால் அடுத்த தடவை போடும்போது நீங்கள் திரைக்குப் பக்கத்தில், சனங்களைப் பார்த்தபடி உட்காருங்கள். எந்த நிமிடத்தில் செல்போன் வெளிச்சம் தெரிகிறது, எங்கே பேச்சு எழும்புகிறது, எங்கே சத்தமே இல்லை என்று நோட்டில் குறியுங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அது சொல்லாமல் தாண்டும் இடங்களை வெட்டலாம். மின்னலுக்கு முன்னால் வரும் இரண்டரை நிமிடத்தை அது தாண்டிவிடும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொட்டியைப் பற்றி எழுதும்போதே தோன்றியது. உங்கள் ஹீரோவுக்குக் குமிழி பார்த்துப் பழகிய கண் இருக்கிறதே, அதை ஏன் படத்தில் பயன்படுத்தவில்லை? வேகமாக ஓடும் வெள்ளத்தில் குமிழி தெரியாது. ஓரத்தில் சுழன்று நிற்கும் தண்ணீரில் தெரியும். எல்லாரும் நடு ஆற்றைப் பார்த்துக் கத்தும்போது இவன் ஒருவன் மட்டும் ஓரத்தைப் பார்க்கட்டும். மின்னல் கொடுத்த சக்தியைவிட அது எனக்குப் பிடித்திருக்கும்.

கடைசிக் காட்சியை மட்டும் திரும்ப எடுங்கள். அவன் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வரட்டும், மூச்சு வாங்கட்டும், சேலை மேலங்கி நனைந்து கனத்துக் கழுத்தை இழுக்கட்டும். பையனைக் கீழே விட்டதும் ஒரு காய்ந்த துண்டு கேட்கட்டும். துண்டைக் கொடுக்கிறவராக அந்த ஆச்சியையே நடிக்கக் கூப்பிடுங்கள். என்ன பேச வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். தண்ணீரிலிருந்து ஏறி வந்த பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் அண்ணனாகக் கண்டிப்போடு சொல்கிறேன். இதற்காக யாரையும் ஆற்றில் இறக்காதீர்கள், நீச்சல் தெரிந்தவனானாலும் சரி. உங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயில் இறங்குவதும் வேண்டாம். வயலுக்குப் பாயும் சின்ன வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்து, இரண்டு பேர் பக்கத்தில் நின்று பலகையால் அலையடித்தால் வெள்ளம் வந்துவிடும். தலையில் ஊற்ற நாலு குடம் எடுத்துப் போங்கள். மழை பிடிப்பதற்குள் எடுத்துவிட்டு, எந்த ராத்திரி திரையிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி