அம்மா ஒப்பமிடும் முன் வரைவைக் கேளுங்கள்

தங்கச்சி, இரண்டு கிளினிக்குகளில் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் கொடுத்ததால் அம்மா மயங்கி விழுந்ததை வைத்தியர் மருத்துவ இதழில் எழுத ஒப்பம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், வரைவை வாசித்த பிறகு.

பெயரை மறைத்தால் போதும் என்பார்கள். கொழும்புக்கு அது சரிவரலாம். "நிலாவெளியில் கருவாடு விற்கும் 61 வயதுப் பெண்" என்று அச்சானால் திருகோணமலையில் யாருக்குத் தெரியாது? ஊரையும் தொழிலையும் எடுக்கச் சொல்லுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் வரிவரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கட்டுரை வெளிவந்த பிறகு ஒப்பத்தைத் திரும்பப் பெறுவது நடவாத காரியம்.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள். ஒரு நோயாளிக்கு நடந்ததை மருத்துவ இதழில் எழுதுவது எப்படி என்று சொல்லும், 2013இல் வந்த 'கேர்' வழிகாட்டி, இத்தகைய அறிக்கைகளில் நோயாளியின் சொந்தப் பார்வையையும் சேர்க்கச் சொல்கிறது. பிரிட்டனின் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2014 முதல் கட்டுரைகளை நோயாளிகளிடமும் மதிப்பாய்வுக்கு அனுப்புகிறது. ஆகவே இது சலுகை கேட்பதல்ல. அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள். உறையில் மருந்தின் பெயர் எப்படிக் கிறுக்கியிருந்தது, நிறம் மாறியிருந்ததால் வேறு மாத்திரை என்று ஏன் நினைத்தார் என்பவை கிளினிக் கொப்பியில் இருக்காது. வைத்தியருக்கே அவை புதிதாக இருக்கும்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு இடத்து மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.