அச்சிலிருந்து ரப்பர் பொருளை இயந்திரமே எடுப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ரப்பர் ஊசிவார்ப்பில், கலவையைச் சூடான அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி அங்கேயே வேகவைக்கிறார்கள். வெந்த பொருளை ஆள் கைவைத்துப் பிடுங்காமல் இயந்திரமே எடுத்துப்போடுவதுதான் தானியங்கி அகற்றல்.

பிளாஸ்டிக்கில் இது பெரிய காரியமே இல்லை. அச்சுக்குள்ளேயே பொருள் ஆறி இறுகிவிடும். பின்னாலிருந்து தள்ளுகோல்கள் தள்ளினால் முழுதாக வந்து விழும். ரப்பரில் கதையே தலைகீழ். அச்சின் சூடு பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். பொருளும் அதே கொதிப்பில் துவண்டு கிடக்கும். கோல் தள்ளினால் அந்த இடம் மட்டும் எழும்பும், மற்றதெல்லாம் ஒட்டியபடியே இருக்கும். போதாக்குறைக்கு, சூட்டில் ரப்பர் சுலபமாகக் கிழியும்.

ஈரக் கையிலிருந்து ரப்பர் கையுறையைக் கழற்றிப் பாருங்கள். விரல் நுனியைத் தள்ளிப் பயனில்லை. ஓரத்தைப் பிடித்து உரிக்க வேண்டும், அல்லது உள்ளே காற்றை ஊத வேண்டும்.

ஆலைகளிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. மடிப்பு மடிப்பான தூசியுறை என்றால், உள்ளிருக்கும் உருளைக்கும் ரப்பருக்கும் நடுவே காற்றைச் செலுத்துவார்கள். உறை உப்பிப் பிடி தளரும் நொடியில் இயந்திரக் கை அதை உருவிவிடும். சிறிய வளையங்களைச் சுழலும் தூரிகை வாரித் தள்ளும். உண்மையான தலைவலி ஓரத்து மெல்லிய பிசிறுதான்: ஒரு துணுக்கு அச்சில் தங்கினாலும் அடுத்த பொருள் பழுதாகலாம்.

ரோபோ ஒன்றை வாங்கி வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அச்சை வடிவமைக்கும்போதே காற்றுவழியும் பிடிப்பதற்கான இடமும் விடாவிட்டால், அந்த ரோபோவால் ஒன்றும் செய்ய முடியாது.