புற்றுநோயும் மனச்சோர்வும்: கேள்வி பதில்

கேள்வி (மார்த்தாண்டம்): அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ நடக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. மருந்தாலா, மனச்சோர்வா?

பதில்: தம்பி, பசி, தூக்கம், அசதி இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கீமோவும் அதையேதான் செய்யும். வாந்திக்காகக் கொடுக்கிற டெக்சாமெத்தசோனே தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் வேறொன்றைக் கவனியுங்கள். ஊசி போட்ட அசதி தெளிந்து கொஞ்சம் தெம்பு வந்த நாளில், பேரப்பிள்ளை மடியில் ஏறினால் முகம் மலர்கிறதா? பக்கத்து வீட்டு மாமியிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாரா? இவை எதுவுமே இல்லாமல், 'உங்களுக்கெல்லாம் நான் பாரம்' என்ற பேச்சோடு இரண்டு வாரம் அப்படியே போனால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ரத்தச்சோகையும் தைராய்டு குறைவும் இப்படி ஆளைச் சாய்க்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

கேள்வி (தக்கலை): மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்துப் போடலாமா? பழகிப்போகுமா?

பதில்: போடலாம் அக்கா. ஆனால் ஃப்ளுவாக்செட்டின், பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டும் தமோக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும். மனநல டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டினால் வேறு மாத்திரை எழுதுவார். போதைப் பழக்கம் ஆகாது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (குளச்சல்): அப்பாவிடம் என்ன நோய் என்று சொல்லவில்லை. சரிதானே?

பதில்: ஆஸ்பத்திரி வாசலில் போர்டைப் பார்த்தவருக்கா தெரியாது! 'டாக்டர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அவர் பதிலிலேயே இருக்கும். 'ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்' என்று சொன்னால் அவருக்கு மேலே பேச இடமில்லை.

கேள்வி (குலசேகரம்): 'இனி இருந்து என்னத்துக்கு' என்கிறார் அண்ணன். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், நாமே எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. இன்றே, நேராகக் கேளுங்கள். ஆமென்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எந்நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அப்புறம், வலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலிக்குச் சரியான மருந்து கிடைத்ததும் பேச்சே மாறிப்போனவர்கள் உண்டு.