விமானம் நின்ற ஆண்டில் அகழாய்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்து குறித்த உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். 2021இல் லண்டனில் தொல்லியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எகிப்தின் லக்சருக்குப் போகவிருந்த அகழாய்வுக் குழு ஒன்றில் எனக்கும் இடம் கிடைத்திருந்தது. கோவிட் தொற்றால் திட்டம் போடுவதும் அழிப்பதுமாகவே ஆண்டு ஓடிவிட்டது, கடைசிவரை போகவில்லை. இப்போது வேறொரு குழுவில் இருக்கிறேன். அதே போன்ற தொற்று மறுபடி வந்தால் என்ன செய்வோம் என்று திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பயணக் காப்பீடு, ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட், பரிசோதனை, தனிமைப்படுத்தல் செலவு எல்லாம் எழுதிவிட்டேன். ஆனாலும் ஏதோ குறைகிறது. நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அதே காலத்தில் கெய்ரோவுக்குத் தெற்கே பழைய இடுகாடான சக்காராவில் சவப்பெட்டிகள் வரிசையாக வெளிவந்தனவே, அது எப்படி?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அத்தனையும் லண்டனிலிருந்து களத்துக்குப் போய்ச் சேருவது பற்றியவை. போகவே முடியாவிட்டால் களத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. குறைவது அதுதான்.

2020 மார்ச் 19 அன்று எகிப்து விமானப் போக்குவரத்தை நிறுத்தி, ஜூலை 1இல் மறுபடி திறந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் அங்கே தோண்டுவது பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஆகவே முதல் அடியில் போனது பருவத்தின் வால் மட்டும்தான். பெரிய அடி அதற்குப் பிறகு வந்தது. உங்கள் ஊர் விதிகளையே பாருங்கள். 2021 ஜூன் 8இல் பிரிட்டன் எகிப்தைப் பயணக் கட்டுப்பாட்டுக்கான சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. திரும்பி வருபவர் 10 நாள் ஓட்டலில் அடைந்து கிடக்க ஆளுக்கு 1,750 பவுண்டு. ஆகஸ்டில் அது 2,285 ஆனது. செப்டம்பர் 22இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் களமிறங்க வேண்டிய குழுவுக்கு அந்த நல்ல செய்தியால் என்ன பயன்? குழுவில் வரும் ஒவ்வொருவரின் விவரமும் பல மாதம் முன்பே கெய்ரோவுக்குப் போய், எகிப்து அரசின் தொல்பொருள் உயர்மன்றத்தின் நிரந்தரக் குழு பார்த்து, பாதுகாப்பு அனுமதியும் வந்தாக வேண்டும்.

சக்காராவில் தோண்டியவர்கள் எகிப்தியர்கள். அவர்களுக்கு விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். 2020 அக்டோபர் 3இல் 59 சவப்பெட்டிகளையும், நவம்பர் 14இல் மேலும் நூறு போலவும் அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லக்சரில் நைலின் மேற்குக் கரையில் தொல்லியலாளர் ஜாஹி ஹவாஸின் எகிப்தியக் குழு துத்தன்காமன் மன்னனின் நினைவுக் கோயிலைத் தேடி இறங்கி, மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து ஊர் ஒன்றைக் கண்டது. சில சுவர்கள் 3 மீட்டர் உயரம்வரை நின்றன. ரொட்டி சுட்ட இடம், தாயத்து வார்க்கும் அச்சுகள் எல்லாம் இருந்தன.

இந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே நேற்று முளைத்தவர்கள் அல்லர். 1893-94இல் பிரிட்டன் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி குஃப்த் என்ற ஊரில் தோண்டியபோது உள்ளூர் ஆட்களைப் பழக்கினார். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பல களங்களில் மேஸ்திரிகள்; ரயீஸ் என்பார்கள். சுடாத மண்செங்கல் சுவரும், அது இடிந்து விழுந்த குவியலும், மேலே படிந்த வண்டலும் ஒரே நைல் மண்தான். கொத்துக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, ஈரம் காயுமுன் செங்கல்லின் விளிம்புக் கோடு எங்கே தெரிகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அதில் கைதேர்ந்த ரயீஸுக்கு முன்னால் நம் முனைவர் பட்டம் கொஞ்சம் அடக்கமாக நிற்பது நல்லது.

அதற்காக அந்த ஆண்டின் எகிப்தியக் கண்டுபிடிப்புகளை அப்படியே கொண்டாடவும் எனக்கு மனமில்லை. 2019இல் 1,300 கோடி டாலர் தந்த சுற்றுலா, 2020இல் 400 கோடிக்கு வந்துவிட்டது. அறிவிப்புகளுக்கு அப்படி ஓர் அவசரம் இருந்தது. 2,500 ஆண்டுகள் மூடிக் கிடந்த பெட்டியைக் கேமராக்களுக்கு நடுவே வைத்துத் திறந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். முதலில், யார் முடிவெடுப்பது? நீங்கள் வராத பருவத்தில் அங்கிருக்கும் எகிப்திய இணை இயக்குநர் தன் பொறுப்பில் வேலையைத் தொடரலாமா, குழியை மூடலாமா என்பது எழுத்தில் இருக்கட்டும். மூடுவதற்குப் பணமும் தனியாக ஒதுக்குங்கள். திறந்து கிடக்கும் மண்செங்கல் சுவர் காற்றிலேயே தேயும், திருடனுக்கும் வழிகாட்டும். மேலே துணி விரித்து, மணல் கொட்டி நிரப்ப வேண்டும். அடியில் அந்த ஆண்டு நாணயம் ஒன்றைப் போட்டு வைப்பது பலரின் வழக்கம், பின்னால் வருபவருக்கு எந்த மண் புதிது என்று தெரியும்.

அடுத்தது கிடங்கு. 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி, கிடைத்தவை நாட்டைவிட்டு வெளியே போகா. முத்திரையிட்ட கிடங்கை எகிப்து அரசின் தொல்பொருள் கண்காணிப்பாளர் முன்னிலையில்தான் திறக்கலாம். வீட்டிலிருந்தே வேலை என்றால் கையில் இருப்பது படமும் குறிப்பும் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு நாளும் மாலையில் அவற்றின் பிரதி இரு நாடுகளிலும் சேர வேண்டும். கரிமத்தை அளந்து வயதறியும் கரிமக் காலக்கணிப்புக்குக் கெய்ரோவிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்தில் ஆய்வகம் இருக்கிறது. அவர்களோடு இப்போதே பேசி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கூலி. உங்கள் குழு வரவில்லையென்றால் உங்களுக்கு ஒரு கட்டுரை தள்ளிப்போகும். ரயீஸுக்கும் கூடை சுமப்பவருக்கும் அந்தக் குளிர்கால வருமானமே இல்லை. தோண்டாத பருவத்தில் சம்பளம் கொடுக்க நிதி தருபவர் சம்மதிப்பாரா என்று இப்போதே கேளுங்கள். பாதிச் சம்பளமாவது எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நான் சொன்னது ஊரை ஒட்டிய களங்களுக்குப் பொருந்தும். செங்கடல் கரையில் பெரனிகே இருக்கிறது, 7.55 கிலோ மிளகும் தமிழி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்த இடம் என்று நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 ஜனவரியில் பளிங்கு புத்தர் சிலை வந்ததும் அங்கேதான். பக்கத்தில் ஊர் கிடையாது, தண்ணீரும் லாரியில் வரவேண்டும். அங்கே ரயீஸ் இருந்தாலும் முகாம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. உங்கள் புதிய களம் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பெரனிகே போன்றது என்றால், ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கைக் காவலுக்கும் குழி மூடவும் வைத்துவிடுங்கள்.